கொக்கிக்கு மேலே ஒரு வாளி

சுற்றறிக்கையைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். வந்து ஒரு வாரமாகியும் தாளின் மடிப்பு படியவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் நடுவில் எம்பிக்கொண்டு, மூடியதும் அடங்கியது.

‘புதிய பருவம்: பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியவை’ என்று தலைப்பு. எழுதியவர் பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர். கறார் பேர்வழி. தண்ணீர் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். வகுப்பறைக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு வேண்டும். பொம்மைகள் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் வெள்ளிக்கிழமை சிற்றாலயத்தில் திருப்பலி, பெற்றோரும் வரலாம், கைபேசி வர வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்கு முதல் நாள் பகல் பன்னிரண்டு மணி வரைதான். பிள்ளையின் அடையாள அட்டையில் யார் படம் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்போம்.

கடைசிக் குறிப்புதான் எல்லாவற்றையும் தூக்கியடித்தது. ‘பெற்றோர் அழுவதாக இருந்தால் கேட்டுக்கு வெளியே சென்று அழவும். உள்ளே அழுதால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.’

அதைப் படித்துவிட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்ததும், வாயில் போட்ட ரொட்டியை மென்றபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். இப்போது ஒன்று. பெரியவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, போன பருவத்தின் நடுவில், ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்த மெக்கானிக் தன் மனைவியிடம், “ரெண்டு நிமிஷம், பயப்படாதே, டாக்டர் வந்துட்டாரு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அவன் கதவுக்கு வெளியே நின்று சொல்கிற அதே வார்த்தைகள். அங்கே எப்போதும் பலித்தவை இங்கே பலிக்கவில்லை.

அதன் பிறகு சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் போடும் பேச்சையே அவன் மனைவி எடுக்க விடவில்லை. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆனால் சுற்றறிக்கை வந்த மறுநாள் காலையில், பால் பாத்திரத்தைக் கழுவியபடியே, “சரி, போகட்டும்” என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

கேட்டிருக்கலாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால், ஆளுக்கொரு படம் கொடுத்துவிடுவார்கள். மயில், ரயில், மணி, மீன், முயல் என்று. பை மாட்டும் கொக்கிக்கு மேலே அந்தப் படம். செருப்பு வைக்கும் தட்டில் அந்தப் படம். ஸ்வெட்டரின் மார்பில் தைத்துக்கொள்ளத் துணியில் அந்தப் படம். பள்ளியை விட்டுப் போகிறவரைக்கும் அது அந்தப் பிள்ளையின் படம். போன பிறகு, தம்பியோ தங்கையோ சேர்ந்தால் அவர்களுக்கு. சுற்றறிக்கையிலும் அது ஒரு வரியாக இருந்தது.

பெரியவளுக்குக் கிடைத்தது வாளி.

முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்து போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. “எல்லாருக்கும் மயிலு, ரயிலு. எனக்கு மட்டும் வாளியா? நான் என்ன வேலைக்காரியா?” அன்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஒரு கதை அளந்தான். அதற்குப் பிறகு வாளியை யாராவது கிண்டல் செய்தால் அவள் விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேரே வாளி என்றாகிவிட்டது. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ‘வாளி, சாப்பிட வா.’ ‘வாளி, செருப்பை உள்ள போடு.’

உறை வந்த அன்று அவன்தான் பிரித்தான். உள்ளே தாளோடு ஒரு துண்டுத் துணி. புத்தம் புது நீல நூலில் ஒரு வாளி. பெரியவள் சேர்ந்தபோதே எழுதி வைத்த பெயர்ப்படி, சின்னவளுக்காம்.

அதைப் பார்த்ததும் துணியை மடித்துப் பைக்குள் செருகினான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. வயரிங் படத்தைத் தவிர எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வேலைக்குப் போகிற வழியில் நேரே பெரிய சிஸ்டரிடம் போய் நின்றான்.

“இது வேணாம் சிஸ்டர். வேற எதாச்சும் குடுங்க. வீட்ல பாத்தா தாங்க மாட்டா.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன் சிஸ்டர். ரெண்டு பேரும் பேசித்தான் வந்தேன்.”

பின்னால் சிலுவை மாட்டிய சுவர், முன்னால் கண்ணாடி போட்ட சிஸ்டர். நடுவில் நின்று வாய் கூசாமல் சொன்னான். சிஸ்டர் வாளியை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் ஏணியைக் கொடுத்தார். சாயங்காலம் மனைவியிடம் தாளை மட்டும் கொடுத்தான். அண்ணன் அக்காள் படம் தம்பி தங்கைக்கு என்ற வரி தாளிலேயே இருக்கிறது என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. ஏணியை நேரம் பார்த்துக் காட்டலாம் என்று சட்டைப் பையில் வைத்தான். சட்டைகள் மாறின. ஏணியும் பைக்குப் பை மாறிக்கொண்டே இருந்தது. அதற்குள் முதல் நாள் வந்துவிட்டது.

“பயணிகள் கவனத்திற்கு!”

கூடத்தில் அக்காவின் குரல். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் ஒலிபெருக்கியைக் கழற்றி வைக்கத் தெரியாது.

“வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை செல்லும் பொடிசு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பால் குடிக்காத பயணிகள் ஏற்றிக்கொள்ளப்பட மாட்டார்கள்.”

“ரயில்ல யாரும் பால் குடிக்கச் சொல்ல மாட்டாங்க அத்தை.”

“என் ரயில்ல சொல்லுவாங்க. தலையை ஆட்டாதடி. வகிடு கோணிச்சுன்னா உங்கம்மாகிட்ட யாரு பேச்சு வாங்கறது?”

பொடிசு என்பது சின்னவள். அத்தையின் முழங்கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இரட்டைப் பின்னலுக்குத் தலையைக் கொடுத்திருந்தாள். புதுச் செருப்பு மட்டும் தரையில் தாளம் போட்டது.

அப்போதுதான் அவன் மனைவி உள்ளறையிலிருந்து வந்தாள். தலை வாரி, இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். மாதக்கணக்கில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கையில் சின்னவளின் புது ஸ்வெட்டர். அதை உதறி, குழந்தையின் தோளில் வைத்துப் பார்த்து, அவன் பக்கம் திருப்பினாள்.

“எப்படி இருக்கு?”

மார்பில் வாளி. வெளுத்துப்போன நீலம். கைப்பிடி ஒரு தடவை பிய்ந்து, வீட்டில் நீல நூல் இல்லாமல் வெள்ளை நூலில் ஒட்டுப் போட்ட அதே வாளி. பெரியவளின் ஸ்வெட்டரிலிருந்து நூல் நூலாகப் பிரித்தெடுத்து இதில் தைத்திருக்கிறாள்.

கேஸ் தீர்ந்துவிட்டதா, தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர அவள் அவனிடம் வேறு எதுவும் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

“நல்லாருக்கு” என்றான்.

“அக்காவோடது” என்று பொடிசு நெஞ்சை நிமிர்த்தினாள். “இனிமே நான்தான் வாளி.”

“நீ பொடிசுதான். பாட்டில் எங்க வெச்சேன்…” என்றபடி அவள் தாய் உள்ளே போனாள். போகிற போக்கில் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அவன் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தான். பின்னாலேயே அக்கா வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்து அவன் முகத்தைப் படித்தவள்.

“என்னடா? பேயறைஞ்ச மாதிரி நிக்கற.”

பையிலிருந்த ஏணியை எடுத்துக் காட்டினான். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னான். அக்கா சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வாரமா பையில வெச்சுட்டு சுத்தியிருக்க!”

“எப்படி சொல்றதுன்னு…”

“அந்த வாளி இப்ப யாருகிட்ட?”

“தெரியலை. வேற பிள்ளைக்குக் குடுத்திருப்பாங்க.”

“டேய், நல்லா கேட்டுக்கோ. பள்ளிக்கூடம் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லிடு. உன் வாயால கேட்டா ரெண்டு நாள் பேச மாட்டா, மூணாம் நாள் சோத்தைப் போட்டுடுவா. அங்க போய் அவளா பாத்தான்னு வை…” அக்கா முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டாள்.

தெருவில் மூன்று பேரும் நடந்தார்கள். பொடிசு நடுவில், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கை.

சலவைக்கடை வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சலவைக்கடைக்காரர் கடைக்கு வெளியே வந்து, “அடேயப்பா, யாரு இது, கலெக்டரா?” என்று பொடிசைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடை திருப்பத்தில் சொல்லலாம் என்றால், பொடிசு செருப்புக்குள் கல் என்று உட்கார்ந்துவிட்டாள். கல்லே இல்லை. புதுச் செருப்பை இன்னொரு தடவை கழற்றி மாட்டிப் பார்க்க ஆசை.

அவன் மனைவி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் வேண்டும் என்று ஆள் தேடி வருவார்கள். குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும். பெரியவள் போன பிறகு திரும்ப வேலைக்குப் போனாள். ஆனால் குழந்தை வந்தால் எழுந்து பக்கத்து நாற்காலிக்காரியிடம் தள்ளிவிட்டு, பஞ்சு எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விடுவாளாம். இது அவனுக்கே வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

“இங்க பாரு…” என்று ஆரம்பித்தான்.

“இந்த ரோட்ல கால் வைக்கவே முடியாதுன்னு நினைச்சேன்” என்று அதே நேரத்தில் அவள் ஆரம்பித்தாள்.

அவன் நிறுத்திக்கொண்டான்.

“வேலைக்குப் போறப்பகூட சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாதான் போவேன். பஸ்ஸு லேட்டானாலும் பரவாயில்லைன்னு. எனக்கு என்னன்னா…” அவள் நேராகப் பார்த்தபடியே நடந்தாள். “அந்தக் கொக்கி சும்மா இருக்குமே, அதுதான். மத்ததெல்லாம் எப்படியோ தாங்கிக்கிட்டேன். அவ்வளவு பையும் வரிசையா தொங்கும், இவ கொக்கியில மட்டும் ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சா மூச்சு முட்டுது. அப்பதான் அந்தத் தாள்ல போட்டிருந்தாங்க. அக்கா படம் தங்கச்சிக்குன்னு.”

“ம்.”

“இன்னைலேருந்து அங்க ஒரு பை தொங்கும். அது போதும். அதுக்காகத்தான் இவளை அனுப்பறேன், வேற எதுக்காகவும் இல்லை.”

பொடிசு அண்ணாந்து பார்த்தாள். “அப்ப நான் படிக்க வேணாமா?”

“படிக்கவும் செய்.”

எதிரே பள்ளிக்கூடத்துக் கேட் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். “ரெண்டு நிமிஷம் நில்லேன்” என்றான்.

“மணி அடிச்சிருவாங்க. அப்புறம் அந்த சிஸ்டர்கிட்ட யார் பேச்சு வாங்கறது?” என்று அவள் வேகமாக நடந்தாள். மணி அடித்தே விட்டது.

வாசலில் பெரிய சிஸ்டர் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பாட்டிலின் மூடியையும் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடிசின் மூடி தேறியது. அவன் மனைவியைப் பார்த்ததும் சிஸ்டர் அவள் கையைப் பிடித்து ஒரு நொடி வைத்திருந்து விட்டார். முற்றத்தில் வரிசையாக நின்று செபம் சொன்னார்கள். பழைய பிள்ளைகள் மனப்பாடமாக இழுத்தார்கள். புதுப் பிள்ளைகள் ‘ஆமென்’ வரும் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கொக்கியில் இன்னும் யாரும் எதையும் மாட்டியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். அதற்கு மேல் பெரிதாக எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றாம் வகுப்பு நடைபாதையின் கடைசியில். பிள்ளைகளின் உயரத்துக்கு அடித்த பலகையில் வரிசையாகக் கொக்கிகள். பெற்றோர் முதல் நாள் மட்டும் பலகை வரை வரலாம். கும்பல், அழுகை, மூக்குச் சிந்தல். வகுப்பு டீச்சர் இந்தப் பருவத்துக்குப் புதிதாக வந்தவள். இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. கழுத்தில் விசில் தொங்க, ஒவ்வொரு பிள்ளையின் மார்பையும் பார்த்து, “மீனா? மீன் அங்க. முயலா? முயல் ஜன்னல்கிட்ட” என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

பொடிசு கையை உதறிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு இடம் தெரியும். அக்காவைக் கூப்பிட வரும்போதெல்லாம் பார்த்த பலகை. மூன்று வகுப்புக்கும் பொதுவான பலகை அது; மூன்றாம் வகுப்பு வரை அக்காவுக்கு இதே கொக்கிதான்.

ஓடியவள் நின்றுவிட்டாள்.

வாளிக்குக் கீழே ஒரு சிவப்புப் பை தொங்கியது. அதன் பக்கத்தில் ஒரு சிறுமி. முன்பல் இரண்டும் இல்லை. ஸ்வெட்டரில் புத்தம் புது நீல நூலில் வாளி. தன் பையைத் தானே தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இது என்னோட இடம்” என்றாள் பொடிசு.

“என்னோடது” என்று அவள் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

“என்னோடது! இங்க பாரு, என்கிட்டயும் இருக்கு! பழசு! உன்னோடது புதுசு, அது பொய் வாளி! எடு உன் பையை!”

பல்லில்லாதவள் சண்டை போடவில்லை. திரும்பி நின்று இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு, “என் வாளி, என் வாளி” என்று கேவத் தொடங்கினாள்.

டீச்சர் ஓடி வந்தாள். பொடிசின் ஸ்வெட்டரைப் பார்த்தாள், குழம்பினாள்.

“நீ ஏணி இல்லையாம்மா? உனக்கு ஏணிதானே…” நிமிர்ந்து அவன் மனைவியைப் பார்த்தாள். “துணி குடுத்தனுப்பினோமே. வாளி வேணாம்னு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினதா சிஸ்டர் சொன்னாங்க.”

அவன் மனைவி டீச்சரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அவனைப் பார்த்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஏணியை எடுத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கசங்கி, ஓரமெல்லாம் நூல் பிரிந்து கிடந்தது. ஒரு வாரமாகப் பையிலேயே கிடந்தது என்பதைச் சொல்லத் தனியாக வாய் வேண்டியிருக்கவில்லை.

அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

டீச்சருக்கு இப்போது ஏதோ புரிந்துவிட்டது. காது மடல் சிவந்து போயிற்று. “அம்மா, ஒண்ணும் பிரச்சனை இல்லை. மாத்திடலாம். அந்தக் குழந்தை புதுசுதானே, வேற படம் குடுத்தா சரியாயிடும். ரெண்டு நிமிஷ வேலை.”

ரெண்டு நிமிஷம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். சரி என்று சொல்லிவிடு, என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினான். வாங்கிக்கொள். உனக்கென்று இவ்வளவு நாளில் எதையாவது கேட்டாயா?

பல்லில்லாதவளின் தகப்பன் கும்பலைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையெல்லாம் சுவர்ச் சாயம். பெயின்டர் போலிருக்கிறது. “ஏதாவது தப்பு பண்ணிட்டாளாங்க?” என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார். “துணி வந்ததுலேருந்து கையிலயேதான் வெச்சிருந்தா. தெச்சுப் போட்டப்புறம் ஸ்வெட்டரைக் கழட்டவே மாட்டேன்னுட்டா.”

கொக்கியைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

அவன் மனைவி வாளியைப் பார்த்தாள். பலகையில் ஒட்டிய அந்தப் படத்தின் மூலையில் ஒரு பல் தடம் மாதிரி கீறல் இருந்தது. பெரியவள் பென்சிலால் கீறியது. அதற்காகத் தண்டனை வாங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, தரையில் முழங்கால் போட்டு, அந்தச் சிறுமியின் அளவுக்கு இறங்கினாள்.

“அழக்கூடாது. யாரும் எடுக்க மாட்டாங்க. உன்னோடதுதான்.”

அந்தக் குரலை அவன் கேட்டு வெகு நாளாகிவிட்டது. ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

பை லேசாக அசைந்தது. ஒரு கண் எட்டிப் பார்த்தது.

“ஆனா வாளி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். உனக்குச் சொன்னாங்களா?”

இல்லை என்று தலை ஆடியது.

“சொல்லலையா? அப்ப நான் சொல்றேன். யாராச்சும் வந்து, ஐயே, வாளியான்னு கேலி பண்ணுவாங்க. எங்கிட்ட மயிலு இருக்கு, ரயிலு இருக்கும்பாங்க. நீ என்ன சொல்லணும் தெரியுமா?” அவள் குரல் ஓரிடத்தில் இடறியது. விழுங்கிக்கொண்டு மேலே போனாள். “தீப்பிடிச்சா உன் மயிலு என்ன பண்ணும்? பறந்து போயிடும். உன் ரயிலு? கூன்னு கத்திட்டு ஓடிடும். எல்லாரும் வாளி எங்க, வாளி எங்கன்னு என்னைத்தான் தேடுவாங்க. அப்படிச் சொல்லணும். எங்க, சொல்லு?”

“என்னைத்தான் தேதுவாங்க” என்றாள் பல்லில்லாதவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ஆமா. தேடுவாங்க.”

தோளில் போட்டுக்கொண்டு அன்று அவன் அளந்த கதை. ஒரு வார்த்தை மாறவில்லை. பெரியவள் அதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறாள்.

சிறுமி கொக்கியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும்.

அவன் மனைவி திரும்பி, முழங்காலிலேயே நகர்ந்து பொடிசிடம் வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். பல்லால் நூலைக் கடித்து, வாளியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். டீச்சர் ஓடிப் போய் ஊசியும் நூலும் கொண்டு வந்தாள். பிரித்து முடித்ததும் அவன் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் நீட்டினாள். அவன் ஏணியை வைத்தான்.

“ஏணியெல்லாம் எதுக்கு?” பொடிசின் உதடு பிதுங்கியது. “ஏணி என்ன பண்ணும்?”

யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். அவன் குந்தி உட்கார்ந்தான். “லிஃப்ட்டு நடுவுல நின்னுடுச்சுன்னு வை. உள்ள ஆளு மாட்டிக்கிச்சு. அப்பா என்ன கொண்டு போவேன்? மயிலா?”

பொடிசு யோசித்தாள். “ஏணி.”

“அவ்வளவுதான்.”

“சரி. பரவாயில்லை” என்றாள், பெரிய மனுஷி மாதிரி. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் முயலுக்கு அடுத்த கொக்கியில் பையைப் போட்டாள். போட்டவள் தானாகவே வாளிக்காரியிடம் வந்து, “எங்கக்காவும் வாளிதான். அவ செத்துட்டா. உனக்குப் பல்லு எங்க?” என்று கேட்டாள். இரண்டும் உள்ளே போய்விட்டன.

பெயின்டர் மட்டும் அங்கேயே நின்றார். சாயக் கையைக் கூப்ப வந்து, பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

முற்றத்தைக் கடக்கும்போது அவள் முன்னால் நடந்தாள். கை மூடியிருந்தது. பெரிய சிஸ்டர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டார். பின்னால் வந்த அவனிடம், “கேட்டேன்னு சொன்னீங்களே” என்று மட்டும் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

பஸ் நிறுத்தத்துக் கம்பத்தடியில் அவள் நின்றாள்.

“எப்ப போய் சொன்னீங்க?”

“உறை வந்த அன்னைக்கே. நீ பாத்தா தாங்க மாட்டேன்னு…”

“என்னைக் கேட்டீங்களா?”

“இல்லை.”

“நான் தாங்க மாட்டேனா?” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. “எனக்காகன்னு சொல்லாதீங்க. உங்களாலதான் அதைப் பாக்க முடியலை. அவ போன மறுநாள் நீங்க வேலைக்குப் போனீங்க. யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு போனீங்க. வீட்ல நான் மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். அன்னைலேருந்து ஒரு பொட்டு கண்ணீர் பாத்ததில்லை உங்ககிட்ட. எல்லாத்தையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் திரியறீங்க.”

அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். பயப்படாதே என்றா, ரெண்டு நிமிஷம் என்றா, அவனுக்கே தெரியவில்லை. தாடை நடுங்கியது. பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கேட்டுக்கு வெளியதானே நிக்கறோம்” என்றாள். “அழுங்க.”

அவன் அழுதான். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் நடுவில், கம்பத்தில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். மூச்சு வாங்கும்போதெல்லாம் முதுகில் அவள் கை விழும் என்று எதிர்பார்த்தான். கை விழவில்லை. ஆனால் அவள் நகரவும் இல்லை. அவன் அடங்குகிற வரை அவள் சேலை முந்தானை காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பஸ் வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவள் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடியிருந்த கையைத் திறந்து, உள்ளிருந்த வெளுத்த நீல வாளித் துணியை மடியில் விரித்து வைப்பது தெரிந்தது.

பஸ் கிளம்பிய பிறகுதான் அதன் பின்பக்கத்துப் பலகையைப் படித்தான். அது பரிசோதனைக்கூடத்துக்குப் போகிற பஸ் இல்லை. ஊருக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்தோடு நின்றுவிடுகிற பஸ். அடக்கத்தன்று போனதோடு சரி, அந்தப் பக்கம் யார் கூப்பிட்டும் அவள் போனதே இல்லை.

பின்னால் பள்ளிக்கூடத்துக் கேட்டை யாரோ இழுத்து மூடினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பொடிசை அழைத்துப் போக வேண்டும். அடையாள அட்டையில் இருந்தது அவன் மனைவியின் படம் மட்டும்தான்.